ஒண்முகிலும் கருமுகிலும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில், மே மாதத்து இரவு பத்து மணிக்குமேல் தெற்கே நோக்குவோர்க்குத் திரிசங்கு என்னும் விண்மீன் கூட்டம் நிமிர்ந்து தோன்றும். மலாய்மொழியில் 'பாரி' எனப்படுவதும், இக்காலத் தமிழில் தென்சிலுவை என வழங்குவதும் இதுவே. நிலவும் மழைமேகமும் இல்லாத இரவில், நகர விளக்கொளி எட்டாத இடத்தில் நின்றால், அதன் கிழக்கை ஒட்டிப் பால்வீதியின் வெண்மைக்கு நடுவே கரிய திட்டு ஒன்று தென்படும். முழுநிலவின் அகலத்தைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்டது அதன் நீளம். மேனாட்டார் அதற்குக் கரிமூட்டை என்று பொருள்படும் பெயரை இட்டனர்.

இத்திட்டு விண்மீன் இல்லாத வெற்றிடமா? அன்றி, விண்மீன்களை மறைத்து நிற்கும் ஒரு பொருளா? இவ்வினாவுக்கு வானூலார் விடை கண்டு நூறாண்டு அளவாகிறது. தமிழில் வானூல் எழுதுவோர் கையாளும் சொற்களோ அவ்விடையைத் தெளிவாகச் சொல்லவில்லை. சிலபோது மறைக்கவும் செய்கின்றன. இக்குறை தமிழ்மொழியின் குறையன்று. சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் நேர்ந்த குறையே ஆகும்.

ஒரு சொல்லின் முரண்

'நெபுலா' என்பதற்குத் தமிழில் ஒண்முகில், விண்முகில் முதலிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் ஒண்முகில் என்பது ஓசையினிமை உடையது. புணர்ச்சி விதிக்கும் பொருந்தியது. ஒள் என்பது முகிலொடு சேர ஒண்முகில் ஆயிற்று. ஒண்டொடி, ஒண்ணுதல் என்பவற்றைப் பயிற்றும் தமிழாசிரியர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஒளியுடைய முகில் என்பதே பொருள்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. நெபுலா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மூடுபனி, முகில் என்பனவே பொருள். அதில் ஒளி என்னும் கருத்து இல்லை. மூலத்தில் இல்லாத ஒளியைத் தமிழ்ச்சொல் ஏற்றுக்கொண்டது. ஆதலின், ஒளியே இல்லாத முகிலைக் குறிக்க நேரும்போது 'இருண்ட ஒண்முகில்' என எழுத வேண்டியதாகிறது. இருண்ட ஒளிமுகில் என்றால் மாணவன் எதனைக் கொள்வான்? வெள்ளைக் காக்கை என்றது போலாகும்.

ஓரியன் கூட்டத்தில் உள்ள குதிரைத்தலை இதற்கு நல்ல சான்று. 1888ஆம் ஆண்டில் ஹார்வர்டு வானாய்வகத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகட்டில் வில்லியமினா பிளெமிங் என்னும் அம்மையார் இதனைக் கண்டறிந்தார். பின்னால் வளிமம் சிவந்து ஒளிர, முன்னால் ஒளியை மறித்து நிற்கும் துகள் நிறைந்த முகிலே குதிரைத் தலையாகத் தோன்றுகிறது. ஒளிர்வது பின்புலம், குதிரையோ இருள். அதனைக் குதிரைத்தலை ஒண்முகில் என்று கூறினால், எது குதிரை, எது பின்புலம் என்னும் வேறுபாடே அழிகிறது.

எனினும் அச்சொல்லை ஆக்கியோர் பழிக்கத்தக்கவர் அல்லர். தொலைநோக்கியின் தொடக்கக் காலத்தில் நெபுலா எனப்பட்டவை பெரும்பாலும் மங்கலாய் ஒளிர்ந்தவையே. அவற்றிற்கு ஒண்முகில் என்பது பொருந்திய பெயர். ஓர் இனத்தின் பெயரை எல்லா இனத்திற்கும் விரித்ததே பிழை.

துளை எனும் மயக்கம்

மற்றொரு மயக்கம், இவ்விருள் திட்டுகளைத் துளை என்றும் வெற்றிடம் என்றும் எழுதுவது. இம்மயக்கம் தமிழர்க்கே உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேரறிஞர் வில்லியம் ஹெர்ஷலே இவற்றுள் ஒன்றை வானத்தின் துளை எனக் கருதினார். எட்வர்டு பார்னார்டு என்பார் பல்லாண்டுகள் பால்வீதியை ஒளிப்படம் எடுத்து, 1919இல் 182 இருள் திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். அவரும் முதலில் ஐயுற்றுப் பின்னரே இவற்றுட் பல மறைக்கும் முகில்கள் எனத் தெளிந்தார். விண்மீன்களுக்கு இடையே உள்ள பொருள் ஒளியை மங்கச் செய்கிறது என்பதை 1930இல் டிரம்ப்ளர் என்பார் நிறுவினார்.

அவ்வாறாயின், துளை என எழுதுவோர் ஹெர்ஷலின் காலத்திலேயே நின்றுவிட்டனர் என்பது பெறப்படும். இன்று கருந்துளை என்னும் சொல் வேறொரு பொருளுக்கு உரியதாகி, 2019இல் அதன் படமும் வெளிவந்துவிட்டது. இந்நிலையில் இருள் முகிலையும் துளை எனல் குழப்பத்தை இரட்டிப்பாக்கும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு உண்மையை உணர்த்த எளிய உவமை உண்டு. 1997, 2015, 2019ஆம் ஆண்டுகளில் மலேசியாவைப் புகைமூட்டம் சூழ்ந்ததை ஊரார் அறிவர். புகைமூட்ட நாளில் கதிரவன் மங்கிச் சிவந்து தோன்றும். கதிரவன் குறையவில்லை, இடையே நின்ற நுண்துகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் தடுத்தது. விண்முகிலின் தூசியும் இவ்வாறே செய்கிறது. பார்னார்டு 68 என்னும் சிறு முகிலின் ஊடே கண்ணுக்கு ஒரு விண்மீனும் தெரியாது. அகச்சிவப்புக் கதிரால் நோக்கினால் பின்னுள்ள மீன்கள் தோன்றுகின்றன. வெற்றிடமாயின் அங்ஙனம் தோன்றுதற்கு இடமேது?

ஆயினும், முகில் என்றவுடன் அடர்த்தியானது எனக் கொள்ளலாகாது. நாம் உயிர்க்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது மிகமிக மெல்லியது. அதன் பெரும்பகுதி ஹைட்ரஜன் வளிமம். தூசி நிறையில் நூற்றில் ஒரு பங்கே. பல இலட்சம் கோடிக் கிலோமீட்டர் ஆழத்திற்குப் பரந்திருப்பதால்தான் ஒளி தடைப்படுகிறது. இந்நுட்பத்தையும் கூறுவதே நேர்மையான பாடமாகும்.

கருமுகில் என்னும் தீர்வு

விண்முகில் என்பதைப் பொதுப்பெயராக வைத்து, ஒளிர்வனவற்றை ஒண்முகில் என்றும், ஒளியை மறைப்பனவற்றைக் கருமுகில் என்றும் பகுத்துக் கூறுதல் தக்கது. கருமுகில் மழைமேகத்தைக் குறிக்குமே எனச் சிலர் தடை கூறலாம். இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஐயம் நேருமிடத்தில் விண்கருமுகில் என்றால் தீரும்.

அன்றியும், அத்தடையே இச்சொல்லின் வலிமையைக் காட்டுகிறது. மழைமுகில் கருத்திருப்பது அதில் ஒன்றும் இல்லாமையால் அன்று, நீர் நிறைந்தமையால். சூல்கொண்ட முகில் எனப் புலவர் பாடுவதும் அதனாலேயே. கரு என்னும் சொல்லுக்குக் கருமை, சூல் என இரு பொருளும் உண்டு. விண்வெளியிலும் இவ்விரண்டும் ஒன்றுபடுகின்றன. ஏறத்தாழ மைனஸ் 263 பாகை செல்சியசு அளவுக்குக் குளிர்ந்த இம்முகில்களின் உள்ளே வளிமம் தன் ஈர்ப்பால் சுருங்கி விண்மீன் கருக்கொள்கிறது. எல்லா முகிலும் ஈனும் என்பதற்கில்லை. கரிமூட்டையில் விண்மீன் பிறப்பதற்குச் சான்று இதுவரை கிட்டவில்லை. எனினும் விண்மீன் பிறப்பது இத்தகைய இருளில்தான்.

தமிழ்க்குடியில் தோன்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர், குய்டோ மூன்ச் என்பாருடன் சேர்ந்து 1950 முதல் 1952 வரை கட்டுரைகள் வெளியிட்டார். பால்வீதியின் ஒளி இடத்துக்கு இடம் ஏறியிறங்குவதைக் கொண்டு இடையிலுள்ள முகில்களைக் கணக்கிடும் கணிதம் அவற்றில் உள்ளது. தமிழர் ஒருவர் ஆராய்ந்த பொருளைத் தமிழ்ப்பிள்ளை தன் மொழியில் முரணின்றிச் சொல்ல இயலாதிருப்பது வருந்தத்தக்கது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003இல் அறிவியற் பாடம் ஆங்கிலத்திற்கு மாறியதும், பின்னர்த் தாய்மொழிக்குத் திரும்பியதும் ஆசிரியர் அறிந்தவை. திரும்பிய பாடம் நிலைபெற வேண்டுமாயின், உணர்ச்சி மட்டும் போதாது. சொல் திருத்தமாய் இருத்தல் வேண்டும். தமிழில் படித்தால் குழப்பம், ஆங்கிலத்தில் படித்தால் தெளிவு என்னும் எண்ணம் பெற்றோர் மனத்தில் புகுவதற்கு இத்தகைய முரண்சொற்களே வாயிலாகின்றன.

மலாக்காவில் தஞ்சோங் பிடாராவிலே அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் உள்ளது. அங்கே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் கருமுகில் என்னும் சொல்லையும் உடன்கொண்டு செல்லலாம். அத்தகைய வாய்ப்பில்லாதவர்க்கும் வானம் உண்டு. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டிய தலைமுறையினர், மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பால்வீதி நடுவே பிளந்து கிடப்பதை நாள்தோறும் கண்டிருப்பர். அப்பிளவும் முகிலே என அவர்க்குச் சொல்வார் இல்லை. அவர்தம் பேரப்பிள்ளைகட்கேனும் சொல்லுதல் ஆசிரியர் கடமையாகும்.