இறந்தோரின் உழைப்பு: மீட்கப்பட்ட ஒரு பிரித்தானியத் திகிற்படம் பற்றிச் சில குறிப்புகள்

பழைய பிரித்தானியத் திகிற்படங்களின் மீட்டெடுக்கப்பட்ட இறுவட்டுகளைச் சேகரித்து வருகிறேன் என்று ஓர் இலக்கியச் சபையிற் சொல்வதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். பேய்ப்படம் என்பது பொழுதுபோக்கினுள்ளும் கடைப்பட்டது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. எனது அலுமாரியிலுள்ளவற்றுட் பாதி மறுமுறை பார்க்கத் தகுதியற்றவை. எனினும், எஞ்சிய பாதியுள் ஒரு படமேனும் மலையகத்தோடு தொடர்புடைய வாசகர் எவரும் அறிந்திருக்க வேண்டியது என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து.

முதலிற் சேகரிப்பின் இயல்பினை நோக்குவோம். ஹமர் கம்பனி 1957இல் பிராங்கன்ஸ்டைன் கதையையும், 1958இல் டிராக்குலா கதையையும் வண்ணத்தில் எடுத்து வெளியிட்டது. இரண்டையும் நெறிப்படுத்தியவர் டெரன்ஸ் பிஷர். தேம்ஸ் நதிக்கரையில், பிறே என்னுமிடத்திலிருந்த ஒரு மாளிகையையே கலையகமாக்கி, ஒரே மண்டபத்தை வர்ணம் மாற்றித் திரைச்சீலை மாற்றிப் பத்துப் படங்களுக்குப் பயன்படுத்திய சிக்கனக்காரர்கள் அவர்கள். தணிக்கையாளர் வெட்டியெறிந்த துண்டுகளை அக்காலத்தில் எவரும் தேடவில்லை. 1958ஆம் ஆண்டு டிராக்குலாவின் வெட்டப்பட்ட காட்சிகள் டோக்கியோவின் தேசியத் திரைப்பட நிலையத்தில் இருந்த பிரதியொன்றில் உயிரோடிருந்தமை 2011இல் தெரியவந்தது. அந்நிலையத்தில் 1984இல் மூண்ட தீயில் அப்பிரதியின் முற்பகுதி அழிந்து, பிற்பகுதிச் சுருள்கள் மாத்திரம் காயத்தோடு தப்பியிருந்தன. அவற்றிலிருந்து சில கணக் காட்சிகள் மீட்கப்பட்டு 2013இல் இறுவட்டாக வெளிவந்தன. சூரிய ஒளியிற் கருகும் கோமகன் தன் முகத்தைத் தானே பிறாண்டிக்கொள்ளும் அக்காட்சிக்காக மூன்று தலைமுறை ஆர்வலர் காத்திருந்தனர். கிடைத்த பின்னரும் அவர்கள் ஓயவில்லை. படத்தின் நிறத்தில் நீலச்சாயல் மிகுந்துவிட்டது என முறையிட்டனர். ஒரு வகையில் இதுவும் பாடபேத ஆராய்ச்சியே. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிய நம் பதிப்பாசிரியர்கள் இவர்களைப் பார்த்து நகைத்திருக்க மாட்டார்கள்.

அம்பிட்டியவில் இருந்துகொண்டு இவற்றைச் சேகரிப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வட்டுகள் உலகை வலயங்களாகப் பிரித்துப் பூட்டப்படுகின்றன. ஐரோப்பா ஒரு வலயம். இலங்கையும் இந்தியாவும் வேறொரு வலயம். இலண்டனிலிருந்து உறவினர் மூலம் வரவழைத்த முதல் வட்டு, கண்டியில் வாங்கிய கருவியில் இயங்க மறுத்துவிட்டது. நாம் பார்ப்பதற்கென ஆக்கப்பட்டதன்று என்று அது தெளிவாகவே சொல்லிற்று. பூட்டில்லாத கருவியொன்று கிடைக்க ஏழு மாதமாயிற்று. முன்பிருந்த வீடியோ நாடாக்களின் கதை வேறு. குருமடத்துக் குன்றின்மேல் இறங்கும் மூடுபனியும் ஆண்டில் இருமுறை வரும் மழையும் அவற்றில் வெண்பூஞ்சணம் படர வைத்தன. டிராக்குலாவை வீழ்த்தச் சிலுவை தேவைப்பட்டது. என் நாடாக்களுக்கு ஈரக்காற்றே போதுமாயிருந்தது.

இனி நான் குறிப்பிட விரும்பும் படத்துக்கு வருவோம். ஜோன் ஜில்லிங் நெறிப்படுத்தி 1966இல் வெளிவந்தது, 'சொம்பிகளின் கொள்ளைநோய்'. கோர்ன்வால் மாநிலத்துக் கிராமமொன்றில் இளைஞர்கள் காரணமின்றி இறக்கின்றனர். உள்ளூர் வைத்தியரின் ஆசிரியரான சேர் ஜேம்ஸ் தம் மகளோடு அங்கு வந்து கல்லறைகளைத் தோண்டிப் பார்க்கிறார். பெட்டிகள் வெறுமையாயிருக்கின்றன. கிராமத்துப் பண்ணையார், ஹெயிட்டியில் தங்கியிருந்தபோது கற்ற மாந்திரீகத்தால் இறந்தோரை எழுப்பித் தன் தகரச் சுரங்கத்தில் வேலை வாங்குகிறான் என்பது பின்னர் தெரியவருகிறது. உயிருள்ளோர் ஆபத்தான அச்சுரங்கத்தில் இறங்க மறுத்துவிட்டனர். ஆகவே கூலி கேட்காத, மறுக்காத, களைக்காத தொழிலாளர் அவனுக்குத் தேவைப்பட்டனர்.

இக்கதைப் பொருளைப் படித்தவுடனேயே நம் உள்ளத்தில் எழும் எண்ணத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அம்பிட்டியவிலிருந்து செல்லும் அதே வீதியில் தலாத்துஓயாவைக் கடந்து ஹேவாஹெட்டைப் பக்கம் ஏறினால், ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரத் தோட்டம் வரும். அதற்கு முன் கோப்பிக் காலத்திலேயே மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து மடிந்தவர் பலர். எஞ்சியோரைக் கங்காணியின் துண்டுச்சீட்டு கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. மூதாதையர் தேயிலைச் செடியின் அடியிற் புதைந்து இன்னும் அதற்கு உரமாகின்றனர் என்ற உணர்வு சி. வி. வேலுப்பிள்ளை முதலாக மலையக இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் வருவது. இறந்தபின்னும் ஓய்வில்லை என்பது நமக்குப் புதிய கற்பனையன்று. ஹெயிட்டி மக்களுக்கும் அது புதிதன்று. கரும்புத் தோட்டத்து அடிமை வாழ்வே சொம்பி என்ற கற்பனையின் விளைநிலம். 1932இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'வெள்ளைச் சொம்பி'யிலும் இறந்தோர் கரும்பாலையிற் செக்கைச் சுற்றுகின்றனர்.

ஆங்கில விமர்சகர் டேவிட் பைரி 1973இல் வெளியிட்ட நூலில், இத்திகிற்படங்களை ஆங்கிலேயரின் சொந்த இலக்கிய மரபின் தொடர்ச்சியாகக் கண்டார். மதிக்கத்தக்க நூல் அது. அதுவரை எவரும் பொருட்படுத்தாத படங்களுக்கு ஒரு வமிசாவளியைத் தேடிக்கொடுத்தது. ஆனால் 'சொந்த' என்ற அச்சொல்லை நாம் அப்படியே ஏற்க இயலாது. பண்ணையாரின் மேற்பார்வையாளர் கசையடிக்கும் முறையை எங்கே கற்றனர்? படமே அதற்கு விடை தருகிறது: கடல்கடந்த தோட்டத்தில். குடியேற்ற நாட்டில் வழமையாயிருந்தது கோர்ன்வால் மண்ணில் நிகழும்போதே அது திகிலாகிறது. இப்படத்தின் அச்சம் இதுவே என்பது என் துணிபு.

மீட்டெடுக்கப்பட்ட வடிவின் பயன் இங்கேதான் புலனாகிறது. 2012இல் வெளிவந்த வட்டினைப் பார்க்கும்வரை சுரங்கக் காட்சிகள் எனக்கு வெறும் இருட்டு. நாடாவில், அசையும் சாக்குமூட்டைகள் போலவே அவர்கள் தெரிந்தனர். இப்போது முகங்கள் தெரிகின்றன. கரட்டுத் துணியாடையின் இழை தெரிகிறது. அடி விழும்போது திரும்பிப் பாராத கண்கள் தெரிகின்றன. அதே தெளிவு ஒப்பனைப் பூச்சையும், பகலிற் படமாக்கி இரவென்று காட்டிய சில காட்சிகளையும் காட்டிக்கொடுக்கத்தான் செய்கிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

பண்ணையாராக நடித்த ஜோன் கார்சன் 1927இல் கொழும்பிற் பிறந்தவர். இதனைத் தற்செயல் என்றே கொள்வோம். நடிகரின் பிறப்பிடத்தைக் கொண்டு படத்துக்குப் பொருள் கூறுவது விமர்சனமாகாது. எனினும், அவருடைய மென்மையான, சிறிதும் உயராத குரலைக் கேட்கும்போது, துரைமாரைப் பற்றி நம் முதியோர் சொன்ன கதைகள் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடிவதில்லை. இப்படம் பிறேயில் எடுக்கப்பட்டது 1965இல். அதற்கு முந்திய ஆண்டு ஒக்ரோபரிலேதான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று, அவர்களைக் கேளாமலே பங்கிடப்பட்டனர்.

படத்தை அளவுக்கு மீறிப் போற்றவும் நான் விரும்பவில்லை. இறந்தோர் இதில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நம் பரிவு முழுவதும் வைத்தியரின் மனைவிக்கும் சேர் ஜேம்ஸின் மகளுக்குமே வேண்டப்படுகிறது. கறுப்பின முரசறைவோர் வெறும் அலங்காரமாக நிற்கின்றனர். கொடிய பண்ணையாரை அழிப்பவர் நல்ல பிரபு ஒருவரேயன்றிச் சுரங்கத் தொழிலாளரல்லர். பாவைகள் தீப்பற்றியதும் இறந்தோரும் எரிகின்றனர். விடுதலை என்பது அவர்களுக்கு இரண்டாவது மரணம் மட்டுமே. அதே ஜில்லிங் அதே கிராம அரங்கிலே எடுத்த 'ஊர்வன' என்ற படம் கீழைநாட்டுச் சாபத்தைப் பாம்புப் பெண்ணாகச் சித்திரிப்பதோடு நின்றுவிடுகிறது. பிஷரின் 'பம்பாய்க் கழுத்துநெரிப்போர்' (1959) பற்றி அதிகம் பேசுவதிற் பயனில்லை. அதிற் காளி கோயிற் பூசாரியாக வருபவர் சைப்பிரஸ் தீவினர் என்பது ஒன்றே சொல்லத்தக்கது.

டோக்கியோவில் தீ மூண்டதற்கு ஓராண்டு முன், 1983 ஜூலையில், ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்கள் விபத்தில் அழிந்தவையல்ல. டோக்கியோவின் சாம்பலிலிருந்து எடுத்த சில கணங்களுக்காக உலகெங்கும் ஆர்வலர் எழுதினர், வாதிட்டனர், பணம் செலுத்தினர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' (1972) 2013இல் வெளிநாட்டு உதவியோடு மீட்கப்பட்டு வெனிஸில் திரையிடப்பட்டது, அது மகிழ்ச்சிக்குரியது. வி. பி. கணேசன் மலையகத் தொழிலாளரை வைத்துத் தயாரித்த 'புதிய காற்று' (1975) அத்தகைய வட்டாக என் கைக்கு இதுவரை வரவில்லை. கோர்ன்வாலின் கற்பனைத் தொழிலாளரது ஆடையின் இழையை நான் எண்ண முடிகிறது. ஹற்றன் பக்கத்துப் பெண்ணொருத்தி ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கமராவின் முன் எப்படிக் கூடை கட்டி நின்றாள் என்பதை நண்பர்களின் வாய்மொழியாலேயே அறிகிறேன். அவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கின்றனர்.