மார்கழிக் குளிரும் 20-50 எண்ணெயும்

பழைய கார் ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருப்போரின் ரசனை, பெயிண்டின் பளபளப்பிலோ குரோமியப் பூச்சிலோ தெரிவதைவிட, எஞ்சினுக்குள் அவர்கள் ஊற்றும் எண்ணெயில்தான் நன்றாகத் தெரியும். ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக இராயக்கோட்டைக்குச் செல்லும் மேட்டுநிலச் சாலை, அந்த ரசனையைச் சோதித்துப் பார்க்கத் தக்க இடம். மார்கழி, தை விடியல்களில் இங்கு வெப்பநிலை 15 பாகை செல்சியசை ஒட்டி இறங்கும். அதே நாளின் பிற்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

தமிழகத்தில் இவ்வகைக் காருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகும். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அக்காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான், 1962-இல் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. இரண்டிலும் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக ஒரே துண்டாய்க் கவிழும் என்பதால், மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர்களையும் மூன்றே மெயின் பேரிங்குகளையும் கொண்ட இந்த எஞ்சின் குடும்பத்தில், எண்ணெயின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் கெட்டித்தன்மை, மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது.

டப்பாவின் மேல் அச்சிட்ட 20டபிள்யூ-50 என்பதில், 'டபிள்யூ'வுடன் வரும் எண் குளிரில் எண்ணெய் நடந்துகொள்ளும் விதத்தையும், பின்வரும் எண் 100 பாகை வெப்பத்தில் அது தாங்கிநிற்கும் கெட்டியையும் குறிக்கின்றன. முதல் எண்ணான 20, உறைநிலைக்கும் கீழே 15 பாகையில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப முடிகிறதா என்று பார்த்து வழங்கப்படுவது. உதகையின் உறைபனிக் காலைகூட அந்த எல்லையை நெருங்குவதில்லை. ஆகவே இந்த வட்டாரத்தின் பனிக்காலத்திற்கென்று 5டபிள்யூ எண்ணெய் தேடுவது, சால்வை போதுமான இடத்தில் கம்பளிக் கோட்டு வாங்குவதற்கு ஒப்பாகும்.

உண்மையான தேர்வு இரண்டாம் எண்ணில்தான் இருக்கிறது. தேய்ந்த பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையே இடைவெளி கூடியிருந்தால், மெல்லிய எண்ணெய் சூடேறியதும் பக்கவாட்டில் வழிந்தோட, அழுத்தம் குறைந்து, ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கும்; அங்கே 50-இன் கெட்டி கைகொடுக்கும். புதிதாக ரீபோர் செய்து இறுக்கமாகப் பூட்டிய எஞ்சினுக்கு 40 போதும். அதற்கு மேல் கெட்டியாக ஊற்றினால், காலையில் எண்ணெய் ராக்கர் வரை ஏறவும் தாமதமாகும், பெட்ரோலும் வீணாகும். மெல்லிய எண்ணெயில் இன்னொரு குறையும் உண்டு: வினையூக்கி மாற்றி என்னும் புகைத் தூய்மைக் கருவியைக் காக்க, இக்காலத்து 5டபிள்யூ-30 வகைகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது; பழைய எஞ்சினின் கேமும் டேப்பட்டும் தேயாமல் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தின் அளவும் அதனால் குறைகிறது.

காலையில் முதலில் கிளப்பும்போது கேட்கும் ஒலி, தேர்ந்த காதுக்குப் பல செய்திகளைச் சொல்லும். இரவில் ஃபில்டரிலிருந்து எண்ணெய் கீழே வடிந்துவிட்டால், ஸ்பிட்ஃபயர் வகை எஞ்சின்களில் பிக்-எண்ட் பேரிங்குகள் சில நொடிகள் கடகடக்கும். இதற்கு மருந்து எண்ணெயின் எண்ணை மாற்றுவதன்று, எண்ணெயைத் திரும்ப வடியவிடாத வால்வுள்ள ஃபில்டரைப் பொருத்துவதே. ஒலி அடங்கியபின் ரேஸ் கொடுக்காமல் நிதானமாக ஓட்டவேண்டும். நீர்ச்சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் எண்ணெய் சூடாக இன்னும் சில கிலோமீட்டர் ஆகும். காலண்டரைப் பார்த்து எண்ணெய் மாற்றுபவரைவிட, பேரிங்கின் தேய்மானத்தைக் கணித்து எண்ணெய் தேர்ந்து, எஞ்சினைப் பொறுத்திருந்து சூடேற்றுபவரே இக்கலையில் தேர்ந்தவர்.