மீட்புக் கோரிக்கையிலிருந்து பழிக்கதைக்கு: 'அசுரன்' திரைப்படத்தில் பஞ்சமி நிலம்

முன்னுரை

பூமணியின் 'வெக்கை' (1982) நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' (2019), நாவலில் இடம்பெறாத பஞ்சமி நிலச் சிக்கலைத் தன் முன்கதையில் சேர்த்துக்கொண்டது. இச்சேர்க்கை வெகுமக்கள் திரைப்படத்திற்குள் நில உரிமை வரலாற்றைக் கொணர்ந்தது எனப் பாராட்டப்பட்டது. எனினும், படம் எழுப்பும் மீட்புக் கோரிக்கை அதன் முடிவில் என்னவாகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

நிலமும் குடியிருப்பும்

செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, பறையர் குடிகளின் வறுமைக்கு நிலமின்மையை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. பண்ணையில் உழைத்தவர்களின் குடிசை நின்ற மனையும் மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி கேட்டவர் வேலையோடு வீட்டையும் இழக்க நேர்ந்தது. இவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையின்வழி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதன் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

ஒப்படை நிபந்தனைகள் தெளிவானவை. முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை எவருக்கும் கைமாற்றக் கூடாது; அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்றலாம்; மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனது என்பது கதையின் முடிவாகாது. சட்டப்படி அதுவே மீட்புக் கோரிக்கையின் தொடக்கம்.

நாவலும் படமும்

'வெக்கை'யில் நிலம் ஒரு குடும்பத்தின் தன்மானத்தோடு பிணைந்தது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானைச் சிறுவன் சிதம்பரம் வெட்டுவதில் நாவல் தொடங்குகிறது. தந்தையும் மகனும் காட்டில் தலைமறைவாகத் திரிந்தபின் நீதிமன்றம் நோக்கிச் செல்வதில் முடிகிறது. சாதிப்பெயரைச் சுட்டாத அந்நாவலில் நில வரலாறும் விளக்கப்படுவதில்லை. அந்த மௌனம் நாவலின் கலைக்குப் பொருந்துகிறது. ஏனெனில், அது மீட்பு குறித்து எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

படமோ அத்தகைய வாக்குறுதியைத் தருகிறது. முன்கதையில் மக்கள் கூட்டாகத் திரண்டு பஞ்சமி நிலத்தைக் கேட்கின்றனர். கோரிக்கை ஊருக்குரியது, அதற்கான பதில் குடிசைகளை எரிக்கும் தீ. வெண்மணியை (1968) நினைவூட்டும் அக்காட்சிக்குப் பின் சிவசாமியின் வன்முறை தனிமனிதப் பழியாக மாறுகிறது. நிகழ்காலக் கதையிலும் நிலமே பகையின் காரணம். ஆனால் அது ஒரு குடும்பத்தின் நிலம். ஊர்க்கோரிக்கை மீண்டும் எழுவதில்லை.

இறுதியில் சிவசாமி மகனுக்குக் கூறும் அறிவுரை இம்மாற்றத்தை முழுமையாக்குகிறது: நிலத்தையும் பணத்தையும் பறித்துவிடுவார்கள், கல்வியைப் பறிக்க முடியாது. கதைமாந்தரின் பட்டறிவாக இவ்வுரை ஏற்கத்தக்கதே. ஆனால், படத்தின் முடிவுரையாக நிற்கும்போது அது பறிப்பை இயற்கை நிகழ்வாக்குகிறது. மீட்கத்தக்கது எனச் சட்டமே கூறும் நிலத்தைப் படம் இழந்ததாகக் கணக்கெழுதிவிடுகிறது. கல்வி நிலத்தோடு சேர வேண்டியது. இங்கு அது நிலத்துக்கு ஈடாக வைக்கப்படுகிறது.

வயலும் மனையும்

படத்தின் நிலம் பெரிதும் வயலாகவே காட்சிப்படுகிறது. இன்றைய கோரிக்கைகள் எதிர்கொள்ளும் நிலமோ பல இடங்களில் உருமாறிவிட்டது. திருவண்ணாமலையில் 1922 முதல் வளர்ந்த ரமணாசிரமத்தைச் சுற்றிய பகுதி இதற்கு நல்ல சான்று. யாத்திரையும் வெளியூரார், வெளிநாட்டார் குடியேற்றமும் பெருகியதால் மலையடிவாரத்து நிலங்கள் மனைகளாகவும் விடுதிகளாகவும் மாறியுள்ளன. இவ்வாறு நிலம் விலையேறும் ஊர்களில், ஒரு புலத்தின் முந்தைய ஒப்படையை நிலத்தைப் பார்த்து அறிய இயலாது. 'அ' பதிவேட்டைப் பார்த்தே அறிய வேண்டும். இப்பதிவேட்டு அரசியலுக்குப் படத்தில் தொடர்ச்சி இல்லை.

காரணையும் தென்னாப்பிரிக்காவும்

மீட்பு வெறும் கற்பனையன்று. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலம் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அக்கோரிக்கை மனு, ஊர்வலம், பதிவேடு என்னும் பொது வடிவங்களில் இயங்கியது.

தென்னாப்பிரிக்காவில் உழைப்புக்கு ஈடாகப் பண்ணை நிலத்தில் வாழ்ந்த குடிகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்தது. விண்ணப்பங்கள் தேங்கியதால், அவற்றைத் தீர்க்கத் தனி அலுவலரை நியமிப்பதை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2019இல் ஏற்றது. 'அசுரன்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். சட்டம் இருந்தும் நிலம் வராதபோது அங்குப் பொறுப்பு அரசின்மீது வைக்கப்பட்டது. படத்திலோ அப்பொறுப்பு படிக்கப் போகும் சிறுவன்மீது இறங்குகிறது.

நிறைவாக

'அசுரன்' பஞ்சமி நிலம் என்னும் சொல்லைப் பரவலாக்கியது. அது குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும், கூட்டுக் கோரிக்கையை முன்கதைக்குள் அடைத்ததால் நில மீட்பு இறந்தகால நிகழ்வாகிறது. பறித்தவரைக் கொல்வது கதையை முடிக்கலாம். ஒப்படையின் நிபந்தனை முடிவதில்லை. பஞ்சமி நிலம் குறித்த படைப்புகளை மதிப்பிடும் ஆய்வு, பறிப்பு எவ்வளவு கொடூரமாகக் காட்டப்படுகிறது என்பதோடு, மீட்பு யாருடைய கடமையாகக் காட்டப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.