நான்கு மாதத்துக்கு யார் ஆசிரியர்?

படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் ‘கோ-ஆப்’ முறையைப் புகழக் கனடாவில் ஆள் தேட வேண்டியதில்லை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பெயரே அதை வைத்துத்தான் பரவியது. தமிழர்கள் நெருங்கி வாழும் ஸ்கார்பரோவில், டொராண்டோ பல்கலைக்கழக வளாகத்திலும் சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர்கள் இந்த வழியில் பட்டம் பெறலாம். வகுப்பில் சில மாதங்கள், ஒரு நிறுவனத்தில் நான்கு மாதங்கள், மறுபடி வகுப்பு. புகழ்ச்சியில் பெரும்பகுதி நியாயமானதே. ஆனால் அந்த நான்கு மாதங்களில் மாணவருக்குப் பாடம் சொல்லித்தருவது யார், என்ன சொல்லித்தருகிறார் என்பதில் பல்கலைக்கழகங்கள் போதிய அக்கறை காட்டுவதில்லை. சுற்றுச்சூழல் துறையில் இந்த அசட்டைக்கு விலை அதிகம்.

முதலில், கிடைப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெட்ரோல் பங்க் இருந்த நிலத்தில் நிலத்தடி நீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு கன்சல்டன்சி நிறுவனம் மாணவரை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்புக் கிணற்றின் குழாயில் நிற்கும் நீரின் கொள்ளளவைக் கணக்கிட்டு, அதைப் போல மூன்று மடங்கு நீரை இறைத்து வெளியே எடுக்க வேண்டும். வெப்பநிலை, பிஎச், மின்கடத்துத்திறன் மூன்றும் ஏறி இறங்காமல் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகுதான் சாம்பிள். பென்சீன் போல ஆவியாகிவிடும் பொருள்களுக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பி. நீர் வாய்விளிம்புக்கு மேல் குமிழ்ந்து நிற்குமளவு நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் ஓடினாலும் அந்தக் குப்பி உதவாது. அளக்க வேண்டிய பொருள் அந்தக் குமிழுக்குள் போய்விடும். பிறகு லேபிள், ஐஸ் பெட்டி, யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்ற படிவம், அதில் கையெழுத்து. பனியில் விறைத்த விரல்களோடு இதைச் செய்தவருக்கு, ஆய்வக அட்டவணையில் இருக்கும் ஓர் எண் எத்தனை இடங்களில் பொய்யாகியிருக்கலாம் என்பது தெரியும். எந்தப் பாடநூலும் இதை இந்த அளவுக்கு உணர்த்தாது.

வேலைக்காலத்தில் கிடைக்கும் சம்பளமும் பெரிய விஷயம். ‘இன்டெர்ன்ஷிப்’ என்ற பெயரில் மாணவரிடமே பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் இடங்களைப் பார்த்த நமக்கு அது நன்றாகவே புரியும். மாணவரை எடுக்கும் நிறுவனங்களுக்குக் கனடிய மத்திய அரசு சம்பளத்தில் ஒரு பங்கை மானியமாகத் தரும் திட்டமும் இருக்கிறது. குடிமக்கள், நிரந்தரவாசிகள், அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவர்கள் ஆகியோரை எடுத்தால்தான் அந்த மானியம். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் வந்து, உள்ளூர்க்காரரைவிடப் பன்மடங்கு கட்டணம் கட்டுபவர், ஒரு சிறு நிறுவனத்தின் வாசலில் மானியம் இல்லாத ஆளாகத்தான் நிற்கிறார். சேர்க்கை ஏஜென்ட்டுகளின் வண்ணத் துண்டறிக்கைகளில் இந்தச் சங்கதிக்கு இடம் கிடைப்பதில்லை.

இனி குறைகள். கோ-ஆப் முறை பிறந்தது எந்திரப் பட்டறையில். 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களை ஒரு வாரம் தொழிற்சாலைக்கும் மறு வாரம் வகுப்புக்கும் அனுப்பித் தொடங்கினார். 1957இல் வாட்டர்லூவில் முதலில் சேர்ந்த 74 பேரும் பொறியியல் மாணவர்களே. சுற்றுச்சூழல் படிப்பு பின்னால் வந்து, அண்ணனுக்குத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டது. லேத் எந்திரத்துக்கு ஜனவரியும் ஜூலையும் ஒன்றுதான். நீரிலும் நிலத்திலும் வாழும் ஜெஃபர்சன் சாலமாண்டர் என்ற சிற்றுயிருக்கு அப்படியல்ல. தெற்கு ஒன்டாரியோவில் பனி உருகத் தொடங்கும் மார்ச் இறுதி, ஏப்ரல் மழை இரவுகளில் அது காட்டுக் குட்டைகளுக்கு இறங்கி வந்து முட்டையிடும். அந்த முட்டையிலிருந்து வருபவை, கோடையில் குட்டை வற்றுவதற்குள் கரையேறியாக வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வேலை பார்ப்பவர் முட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மே மாதம் வருபவர் முட்டையிட்ட இரவைப் பார்த்திருக்க மாட்டார். கதை முழுவதையும் பார்க்கும் மாணவர் யாருமில்லை. இரண்டு வேலைக்காலங்களைச் சேர்த்து எட்டு மாதமாக எடுக்கும் வாய்ப்பு சில படிப்புகளில் இருக்கிறது. களச்சூழலியலுக்கு அதுவே இயல்பான அளவு. விதிவிலக்காக அல்ல, வழக்கமாகவே இருக்க வேண்டியது.

அடுத்தது, வேலை கொடுப்பவர் யார் என்பது. இந்த மாணவர்களில் பலர் போய்ச் சேருவது நில மாசு ஆய்வு செய்யும் கன்சல்டன்சிகளில். ஒன்டாரியோவின் 153/04 ஒழுங்குவிதிப்படி, தொழில் நடந்த நிலத்தில் வீடு கட்டுமுன் அதன் பழைய வரலாற்றைத் துருவ வேண்டும். காப்பீட்டுக்காக வரைந்த பழைய வரைபடங்கள், வான்படங்கள், பக்கத்தில் எப்போதாவது உலர்சலவைக் கடை இருந்ததா என்ற விசாரிப்பு. சுவாரசியமான துப்பறியும் வேலைதான், ஊருக்குத் தேவையானதும்கூட. ஆனால் அதற்குப் பணம் தருபவர் நிலத்தை விற்கவோ கட்டவோ காத்திருப்பவர். மண்ணில் விஷம் இருக்கிறதா என்ற கேள்வியை மாணவர் நுட்பமாகக் கற்கிறார். அங்கே வீடு வரத்தான் வேண்டுமா என்ற கேள்வி அந்த அலுவலகத்தில் எழுவதில்லை. அலுவலகத்தின்மேல் பழியில்லை, அது அதன் வேலை அல்ல. எழுப்ப வேண்டியது வகுப்பறை.

இதைவிட ஆழமான ஒரு குறை உண்டு. அதைப் புரிந்துகொள்ள வாக்கர்டனுக்குப் போக வேண்டும். ஒன்டாரியோவின் அந்தச் சிற்றூரில் 2000 மே மாதக் கனமழையில் மாட்டுச் சாணத்தின் இ.கோலை கிருமி 5ஆம் எண் கிணற்றில் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். நீதிபதி டெனிஸ் ஓகானரின் விசாரணையில் வெளிவந்தவற்றில் என்னால் மறக்க முடியாதது குளோரின் பதிவேடு. நீர் விநியோகத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் நீரில் குளோரின் எவ்வளவு என்று அளந்து பார்க்காமலே 0.5 என்றும் 0.75 என்றும் நாள்தோறும் எழுதிவந்திருக்கிறார்கள். அவர்கள் அனுபவமற்றவர்கள் அல்ல. வருடக்கணக்கில் அங்கேயே வேலை பார்த்து, வேலையிலேயே வேலை கற்றவர்கள். தேர்வு ஏதும் எழுதாமல், அந்த அனுபவத்தையே தகுதியாகக் காட்டி உரிமமும் பெற்றவர்கள். குளோரின் சேர்க்காத கிணற்று நீரைத் தாங்களே குடித்தவர்கள். அது நல்ல நீர் என்று உண்மையாகவே நம்பியவர்கள்.

‘அனுபவக் கல்வி’ என்ற சொல்லைத் தூக்கிப்பிடிக்கும் துண்டறிக்கைகள் வாக்கர்டனைச் சொல்வதில்லை. வேலையிடம் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும், ஒழுங்கையும் குறுக்குவழியையும் சேர்த்தே. வண்டியில் உட்கார்ந்தபடி பிஎச் அளவை உத்தேசமாக எழுதும் மேற்பார்வையாளரிடம் இருபது வயது மாணவர் மாட்டினால் என்ன செய்வார்? அந்த மேற்பார்வையாளர்தான் கடைசியில் அவருக்கு மதிப்பீடு எழுதப்போகிறார். கற்றுக்கொள்வார், அல்லது வாயை மூடிக்கொள்வார். கனடாவில் கோ-ஆப் பட்டப்படிப்பு அங்கீகாரம் பெற வேலைக்காலம் படிப்புக் காலத்தில் குறைந்தது 30 சதவீதமாவது இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய பங்கை வெளியாளிடம் ஒப்படைத்துவிட்டு, பல்கலைக்கழகம் திரும்பக் கேட்பது ஒரு மதிப்பீட்டுப் படிவமும் ஓர் அறிக்கையும். வாடிக்கையாளர் ரகசியம் என்று அறிக்கையின் பாதியை எழுத முடியாமலும் போகலாம்.

நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. ஒன்டாரியோவின் வடமேற்கில் கெனோராவுக்கு அருகே 1968 முதல் ஏரிகளையே ஆய்வகமாக்கி வைத்திருக்கிறார்கள். 1973இல் அங்கே 226ஆம் எண் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பாதி பாசியால் பச்சையானது. கோடையில் அங்கே வேலைக்குப் போகும் மாணவர் எடுக்கும் அளவுகள் ஐம்பது ஆண்டுத் தொடரோடு போய்ச் சேருகின்றன. அளவு பிசகினால் கேள்வி கேட்கும் ஆய்வாளர்கள் அதே முகாமில் இருக்கிறார்கள். நான்கு மாதம் அங்கே குறையாகத் தோன்றாது. அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரையும் அங்கே அனுப்ப முடியாது.

அனுப்ப முடியாதவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலைக்காலம் முடிந்து திரும்பியவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, நிறுவனத்தின் பெயரும் நிலத்தின் முகவரியும் இல்லாமல், எழுதியிருந்த செய்முறைக்கும் நடந்த செய்முறைக்கும் இடையில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று கேட்க வேண்டும். கேட்பவர் துறையில் களப்பணி தெரிந்த பேராசிரியராக இருக்க வேண்டும், வேலைவாய்ப்பு அலுவலராக அல்ல. அங்கே சொன்னது எதுவும் நிறுவனத்தின் மதிப்பீட்டைத் தொடக் கூடாது. பெரிய செலவு ஒன்றுமில்லை. வழக்கமான கல்விக் கட்டணத்தோடு, கோ-ஆப் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையை இந்த மாணவர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.