கொழிக்குங் கடல்

அணிக்குப் பெயர் சூட்டிவிட்டால் கவிதையை ஆராய்ந்தாயிற்று என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தை எடுத்துக்கொள்வோம். கடல் முத்தைக் கொழிப்பதாக அங்கு வருகின்றது. கண்ட மாத்திரத்தே ‘உயர்வு நவிற்சி’ என எழுதிவிடுகின்றோம். தண்டியலங்காரம் அதனை அதிசயம் என்னும்.

ஆனால், கப்பல்துறையை அடுத்த தம்பலகாமக் குடாவிலே, ஒளி ஊடுருவும் தட்டையான ஓடுடைய சிப்பியொன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து சிறு முத்துக்கள் எடுக்கப்பட்டன. இதனை அறிந்த உள்ளூர் மாணவர் அவ்வடியைத் தன்மையணி என வாதிடுதல் கூடும். அதுவும் அவசர முடிபே. சம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றே இதனைப் பாடினார் என்பது மரபு. காணாத கடலுக்கும் முத்தை உரிமையாக்குவது சங்க நெய்தற் பாடல்கள் முதலாக வரும் வழக்கு.

எனவே முத்தை விடுத்து வினைச்சொல்லை நோக்கல் வேண்டும். கொழித்தலாவது, பெண்கள் சுளகிலே அரிசியையும் குறுநொயையும் வேறாக்குஞ் செயல். மணலையும் முத்தையும் அலை அவ்வாறே பிரிக்கின்றது. நெடுநாள் வழக்கில் தேய்ந்துபோன இவ்வொப்புமையை இன்று எவரும் அணியாக எண்ணுவதில்லை. உவமத் தோற்றத்தின் வகைகளுள் வினையையே முதலில் வைத்த தொல்காப்பியர் எண்ணியிருப்பார்.