கருக்காலச் சோதனையும் பெண்ணின் முடிவும்: இரு நூல்களை முன்வைத்து

கருவுற்ற பெண் மரபணுச் சோதனைக்கு உடன்படுவதும் மறுப்பதும் அவள் பெற்ற தகவலின் அளவைப் பொறுத்தவை என்னும் எண்ணம் பரவலாக உண்டு. மறுப்பவள் அறியாதவள், விளக்கினால் உடன்படுவாள் என்பது அதன் உட்கிடை. இதனை அசைத்த அமெரிக்க நூல்களுள் பார்பரா காட்ஸ் ராத்மனின் 'தி டென்டேட்டிவ் பிரெக்னன்சி' (1986), ரேனா ராப்பின் 'டெஸ்டிங் விமன், டெஸ்டிங் தி ஃபீட்டஸ்' (1999) ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை.

இரண்டும் பனிக்குட நீர்ச் சோதனையைப் பற்றியவை. அந்நாளில் அச்சோதனை பெரும்பாலும் நான்காம் திங்கள் அளவில் செய்யப்பட்டது. உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து முடிவு கூற மேலும் சில வாரங்கள் கழியும். அவ்வாரங்களே ராத்மனின் பொருள். முடிவு வரும்வரை வயிற்றில் வளரும் கருவைத் தன் குழந்தையென உறுதியாக எண்ணத் தயங்கும் தாயை அவர் காட்டுகிறார்.

ராப் களத்தை விரிக்கிறார். நியூயார்க் நகரில் உடன்பட்டோர், மறுத்தோர், குறை உறுதியானபின் கருவைக் கலைத்தோர், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை வளர்ப்போர், ஆய்வகப் பணியாளர் எனப் பலரையும் அவர் அணுகினார். அவரும் அத்தகைய சோதனை முடிவுக்குப்பின் கருவைக் கலைத்தவர், அதனை மறைக்கவில்லை. மறுத்தோரைச் செவிமடுத்ததே நூலின் தலையாய வலிமை என்போம். இறைநம்பிக்கை, குடும்பச் சூழல், மருத்துவத்தின்மீது கொண்ட ஐயம் எனக் காரணங்கள் பலவாகின்றன. அவற்றை அறியாமை என்று ஒதுக்குதல் இயலாது.

எண்களும் தனித்துப் பேசுவதில்லை. 35 வயதுத் தாய்க்கு டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 350இல் ஒன்று. அதே எண்ணை, 349 பேருக்கு அந்நிலை இல்லை என்றும் கூறலாம். ஒருத்திக்கு அச்சமாவது மற்றொருத்திக்கு ஆறுதலாகிறது.

இப்பெண்களை அறத்தின் முன்னோடிகள் என்று ராப் அழைப்பது புகழ்பெற்ற கருத்து. ஈண்டு நாம் சற்று மாறுபடுகிறோம். முன்னோடி தானே வழி தேடிப் புறப்படுபவர். இவர்களோ அவ்வழியில் நிறுத்தப்பட்டவர்கள். ராப் இக்கட்டாயத்தை அறியாதவர் அல்லர். ஆயினும் நூலைவிட்டு அச்சொல் தனியே உலவும்போது, சுமை பெருமையாக மாறிவிடுகிறது.

2011 முதல், தாயின் இரத்தத்தில் கலந்துள்ள கருவின் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு செய்யும் சோதனை விற்பனைக்கு வந்துள்ளது. பத்தாம் வாரத்திலேயே அதனைச் செய்யலாம். ஊசி கருப்பையைத் தொடுவதில்லை. ராத்மன் விவரித்த காத்திருப்பு சுருங்கியது. அதனோடு எண்ணிப் பார்க்கும் பொழுதும் சுருங்கலாம். மேலும் இச்சோதனை வாய்ப்பை மட்டுமே மதிப்பிடுவது. குறை உண்டென்று உறுதிசெய்யப் பனிக்குட நீர்ச் சோதனை போன்றதொன்று இன்னும் தேவை.

இவ்வேறுபாடு தமிழில் எளிதில் மறைகிறது. மதிப்பிடுவதும் 'பரிசோதனை', உறுதிசெய்வதும் 'பரிசோதனை' என்றால், முதல் விடையையே இறுதி விடையாகக் கொள்ள இடமுண்டு. 'பாசிட்டிவ்' என்னும் சொல்லும் அத்தகையதே. அன்றாடப் பேச்சில் நன்மையைச் சுட்டும் அது இங்கே குறையின் அறிகுறியைச் சுட்டுகிறது. கணவரோ மாமியாரோ மொழிபெயர்ப்பாளராக அருகில் அமரும்போது, அவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்பதைத் தமிழறியாத மருத்துவர் அறிய வழியில்லை.