திறவாத படமாளிகை: ‘மரங்களைப் பற்றிய பேச்சு’ என்னும் விவரணத் திரைப்படம் குறித்து

மூடிக்கிடந்த படமாளிகையொன்றை மீளத் திறக்கும் முயற்சியைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டுக்குள் அடங்கிவிடுவன. பாழடைந்த கட்டடம், இலட்சியவாதிகள் சிலர், அயலவரின் ஆர்வம், இறுதியில் ஒளிரும் திரை என்ற ஒழுங்கில் அவை நகரும். சூடானிய நெறியாளர் சுஹைப் கஸ்மெல்பாரி ஆக்கிய ‘மரங்களைப் பற்றிய பேச்சு’ (2019) இவ்வாய்பாட்டின் முதல் மூன்று உறுப்புகளையும் ஏற்று நான்காவதை மறுக்கின்றது. இங்கு திரை ஒளிர்வதில்லை. அது ஏன் ஒளிரவில்லை என்பதே படத்தின் பொருளாகின்றது.

படத்தின் நாயகர் நால்வரும் முதியவர்கள். இப்றாஹிம் ஷத்தாத் அன்றைய கிழக்கு ஜேர்மனியிலும், சுலைமான் இப்றாஹிம் மொஸ்கோவிலும், அல்தையிப் மஹ்தி கெய்ரோவிலும் திரைக்கலை பயின்றவர்கள். மனார் அல்ஹிலு இவர்களது நெடுநாளைய தோழர். சுதந்திரம் பெற்ற ஆபிரிக்க நாடுகள் தமக்கென ஒரு சினிமாவைப் படைத்துவிடலாம் என நம்பிய தலைமுறையினர் இவர்கள். 1989 ஏப்ரலில் சூடானியத் திரைப்படக் குழு என்னும் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு யூன் 30ஆந் திகதி ஒமர் அல்பஷீர் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைக் கைப்பற்றினார்; ஏனைய பண்பாட்டு அமைப்புகளோடு இக்குழுவும் தடைக்குள்ளாயிற்று. 2005இலேயே அதனால் மீண்டும் பதிவுபெற முடிந்தது. சங்கம் பிறந்து மூன்று மாதங்கூட நிறைவுறாத நிலையில் நேர்ந்த அவ்விழப்பைப் படம் எவ்விடத்திலும் உரத்த குரலிற் சொல்வதில்லை. முதியவர்களின் சிரிப்புக்கு இடையே அது தானாகவே தெரிகின்றது.

அச்சிரிப்பு தனியாக ஆராயத்தக்கது. மின்சாரம் தடைப்பட்ட இருளிற் படம் தொடங்குகின்றது. பில்லி வைல்டரின் ‘சன்செற் புளெவாட்’ (1950) படத்தின் இறுதிக் காட்சியை நால்வரும் இருட்டில் நடித்துப் பார்க்கின்றனர். ஷத்தாத் அப்படத்தின் முதுநடிகையாகிறார். துணியொன்று அவருக்கு முக்காடாகிறது. கமெரா என்று ஒன்றில்லை, கையசைவே கமெரா. மறக்கப்பட்ட நடிகை தன் ஒளிநாட்கள் திரும்பிவிட்டதாக மயங்கும் காட்சியை, மறக்கப்பட்ட நெறியாளர் தம்மையே எள்ளிக்கொண்டு நடிப்பதன் பொருத்தம் எவ்வித விளக்கவுரையுமின்றிப் புலப்படுகின்றது. கழிவிரக்கத்துக்கு இடந்தரக்கூடிய பொருளொன்றை நெறியாளர் நகைச்சுவையினாற் காத்துக்கொள்கிறார். இந்நகைச்சுவை படத்துக்குப் பூசப்பட்ட நிறமன்று. முப்பதாண்டு காலம் தோற்றும் தோழமை குலையாத மனிதர் தமக்கென வளர்த்துக்கொண்ட வாழ்முறை அது.

இவர்கள் திறக்க விரும்புவது ஒம்துர்மானில் உள்ள திறந்தவெளிப் படமாளிகை. ‘அல் தௌரா’, அதாவது புரட்சி, என்பது அதன் பெயர். மேடையும் சுவரும் இருக்கின்றன. உரிமையாளரின் இணக்கமும் கிடைக்கின்றது. எனினும் ஒரேயொரு நாள் இலவசமாகப் படங்காட்டுவதற்கான அனுமதி கிடைப்பதில்லை. ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் காட்டும். அது பாதுகாப்புத் துறையைக் காட்டும். மறுப்பென்று யாரும் எழுதிக் கொடுப்பதுமில்லை. இவ்விடத்திலேயே இப்படம் கட்டட மீட்புக் கதைகளிலிருந்து அடிப்படையில் வேறுபடுகின்றது. படமாளிகை மூடப்பட்டமைக்குத் தொலைக்காட்சியையும் ஒளிநாடாவையும் காரணங்காட்டுவது பொதுவழக்கு. அவற்றுக்கும் பங்குண்டு. ஆயின், முன்பின் அறியாத மனிதர் இரவில் ஓரிடத்திற் கூடியிருந்து ஒன்றாகச் சிரிப்பதை அஞ்சும் ஆட்சியொன்று இருக்குமிடத்து, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதிரை அடுக்குவதும் அரசியற் செயல்களாகிவிடுகின்றன. நால்வரும் அதை அறிந்தே துடைப்பத்தை எடுக்கின்றனர்.

ஒலியை நெறியாளர் கையாளும் முறையும் கவனத்துக்குரியது. படமாளிகையைச் சூழப் பள்ளிவாசல்கள். ஒலிபெருக்கிகளினூடாகத் தொழுகை அழைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றது. காட்சியை எந்நேரத்துக்கு வைப்பது என்று நண்பர்கள் கணக்கிடுகின்றனர். மதத்தைத் தாக்கும் மலிவான வாய்ப்பு இது. படம் அதனைப் பயன்படுத்துவதில்லை. வழிபாட்டை எவரும் இகழ்வதுமில்லை. ஒலிவெளி முழுவதையும் ஆட்சியின் கருத்தியல் எவ்வாறு நிறைத்துவிட்டதென்பதைப் பார்வையாளரின் காதே உணர்கின்றது.

எதனைக் காட்டுவது என்னும் வினாவும் எழுகின்றது. கிராமங்களுக்கு ஊர்தியிற் சென்று திரை கட்டிச் சப்ளினின் ‘மொடேர்ன் ரைம்ஸ்’ படத்தைக் காட்டிய இவர்கள், படமாளிகைக்கென அயலவரிடம் கேட்டறிந்து தேர்வது குவென்ரின் ரரன்ரினோவின் ‘ஜாங்கோ அன்செயின்ட்’ (2012). சொந்தப் படங்களைக் காட்ட வேண்டுமென அவர்கள் வற்புறுத்தவில்லை. சிறுசஞ்சிகைகளிலும் பல்கலைக்கழக அரங்குகளிலும் ‘நல்ல சினிமா’ பற்றிப் பேசுவோர் இதனைச் சற்று நின்று நோக்குதல் நன்று. மக்களுக்கு எது நல்லதென்பதைத் தாமே வகுத்துவிட்டு மக்கள் வரவில்லையென வருந்துவது எளிது. வணிகப் படமொன்றாயினும், விலங்கை அறுத்துக்கொள்ளும் அடிமையின் கதையை அவ்வூர் விரும்பியதில் தற்செயல் மட்டுமே இருப்பதாகவும் கொள்ளவியலாது.

இவ்வளவு கூறிய பின் குறைகளையும் சுட்டுதல் வேண்டும். யாருக்காகப் படமாளிகை திறக்கப்பட வேண்டுமோ அந்த அயலவர் படத்தில் மங்கலாகவே தென்படுகின்றனர். நால்வரின் நட்பில் நெறியாளர் கொண்ட ஈடுபாடு, அவர்களைச் சூழ்ந்த ஊரை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றது. பெண்களின் நிலை இதனினும் மோசம். மாலைக் காட்சிக்குப் போகும் உரிமையை இழந்தோரில் அவர்களே முதல்வராக இருந்திருப்பர். அவர்களது நினைவுகள் கேட்கப்படவில்லை. சூடானில் 1970களில் திரைப்பட விநியோகம் அரச கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் இருந்தமை, பின்னர் அவ்வமைப்புக் கலைந்தமை போன்ற பொருளியற் காரணிகளும் விரிவாக ஆராயப்படவில்லை. வரலாறு தெரியாத பார்வையாளர், எல்லாத் தீமையும் ஓரிரவில் 1989இல் நேர்ந்ததென எண்ணிவிடக்கூடும்.

ஜேர்மனிய நெறியாளர் மார்க்குஸ் வெற்றர் பலஸ்தீனத்தின் ஜெனின் நகரில் மேற்கொண்ட முயற்சியோடு இதனை ஒப்புநோக்கலாம். முதலாவது இன்ரிபாதா வெடித்த 1987இல் மூடப்பட்ட ‘சினிமா ஜெனின்’ வெளிநாட்டு உதவியும் தொண்டர்களின் உழைப்புங் கொண்டு 2010 ஓகஸ்டில் மீளத் திறந்தது. அம்முயற்சியைப் பற்றி வெற்றரே ஒரு படமும் எடுத்தார். அங்கே திரை ஒளிர்ந்தது; செய்தியாளர் வந்தனர். ஆயினும் வெளியாரின் நிதியும் நோக்கும் முன்னின்ற அவ்வரங்கை ஊர் தனதென முழுமையாக ஏற்றதா என்ற ஐயம் தொடக்கத்திலேயே இருந்தது. 2016இன் இறுதியில் வணிகக் கட்டடத்துக்காக அது இடிக்கப்பட்டது. ஜெனினில் அரங்கு கிடைத்தும் அவையோர் நிலைக்கவில்லை. ஒம்துர்மானில் அவையோர் இருந்தும் அரங்கு கிடைக்கவில்லை. இவ்விரண்டில் எது பெருந்தோல்வி என்று கேட்டால், பின்னதைத் தோல்வியென்றே கொள்ளலாமா என்ற தயக்கம் எழுகின்றது. ஒம்துர்மானில் ஆசை உள்ளூரிலேயே முளைத்தது. அதனை வெளியிலிருந்து யாரும் நடவில்லை.

படத்தின் பெயர் பேற்றோல்ட் பிரெக்ற் நாடுகடந்து வாழ்ந்த காலத்து எழுதிய கவிதையொன்றிலிருந்து பெறப்பட்டது. கொடுமை நிகழும் வேளையில் அழகியவற்றைப் பேசுவது மௌனத்துக்கு ஒப்பாகுமோ என்ற உறுத்தல் அக்கவிதையினது. நெறியாளர் அவ்வுறுத்தலை மறுக்காமலே அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார்: பேசவே விடாத இடத்தில் மரங்களைப் பற்றிப் பேசுவதற்கும் துணிவு வேண்டும்.

2019 பெப்ரவரியில் பேர்லின் திரைப்பட விழாவிற் சிறந்த விவரணப் படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. இரண்டு மாதங்களில், ஏப்ரலில், மக்கள் எழுச்சியின் முன் அல்பஷீரின் ஆட்சி வீழ்ந்தது. 2023 ஏப்ரல் 15இல் போர் மூண்டபோது கார்ட்டூமும் ஒம்துர்மானும் போர்க்களங்களாயின. ஷத்தாதும் நண்பர்களும் இளமையில் எடுத்த படங்கள் பேர்லினிலுள்ள ஆர்செனல் நிறுவனத்தினால் இலக்கமுறையிற் புதுப்பிக்கப்பட்டு ஐரோப்பிய அரங்குகளிற் காட்டப்பட்டன. அவற்றைப் பார்த்திருக்க வேண்டிய ஊரின் படமாளிகையில் வெள்ளையடித்த சுவரே எஞ்சியிருந்தது.